நேர்ந்துகொள்ளாத விரதம்

12 நவம்பர் 1979, திங்கள்

காலையிலிருந்து தூறல். விறகு நனைந்துபோய்ச் சோறு வடிக்க ஒன்பதரை ஆனது. பதினொரு மணி பஸ்ஸில் அவர் பெரம்பலூர் விடுதியிலிருந்து மகள் மலர்க்கொடியை அழைத்து வந்தார். டிரங்குப் பெட்டியும் பாய்ச்சுருட்டும் கூடவே வந்தன. இரண்டு நாள் லீவுக்கு வருகிறவள் பாயைத் தூக்கி வரமாட்டாள்.

விடுதி அம்மாள் கொடுத்த கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இருபது நாளாக வகுப்புக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. கேட்டால் பதில் இல்லை. வீட்டு ஏக்கமாக இருக்கலாம், ஓய்வு கொடுத்து அனுப்பவும்.

ஏக்கம் என்றால் வீட்டைப் பார்த்ததும் அழுகையோ சிரிப்போ வரும். இவள் வாசற்படியில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் நின்றாள். நான் குனிந்து வாரை அவிழ்த்துவிட்டேன். பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவது.

15 நவம்பர்

அவர் வேலை பார்க்கும் குவாரி எடை ஆபீஸில் வருஷம் ஒரு டைரி தருவார்கள். அது எனக்கு வரும். பால், விறகு, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் இதில்தான். நான் எழுத்துக் கற்றது கல்யாணமாகி வந்த பிறகு, மளிகைப் பொட்டலக் காகிதத்தில். நீள வகுத்தல் மட்டும் மலர் சொல்லிக்கொடுத்தது. இன்று முதல் அவள் கணக்கையும் எழுதிவைக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. எழுதினால் எனக்குப் பதறாது.

போனவை: சடை பின்னுவது. தாவணி கட்டுவது. மணி பார்ப்பது. சோற்றைப் பிசைவது (பிசைந்து கொடுத்தால் உண்கிறாள்). எட்டரை ரயிலா, சரக்கு வண்டியா என்று சத்தத்தை வைத்தே சொல்வாள், அதுவும் இல்லை.

இருப்பவை: நடக்கிறாள். தானே கொல்லைக்குப் போகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் 'தண்ணி' என்கிறாள்.

சிறு வயதில் பாடப் புத்தகம் பேசுவதுபோல் பேசுவாள். தெருப்பிள்ளைகள் 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள். கூட்டத்தோடு விளையாடமாட்டாள், சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்வாள். மற்றபடி குறை ஒன்றும் சொல்ல முடியாது.

23 நவம்பர், வெள்ளி

'தண்ணி'யும் போயிற்று. இன்று சொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

1 டிசம்பர்

டவுனில் டாக்டரிடம் காட்டினோம். நாக்கை நீட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து நீட்டினாள். ரத்தம் கம்மி, டானிக் கொடுங்கள் என்றார். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். "அம்மா, பொண்ணு பேசட்டும்" என்றார். அதற்குத்தானே ஐயா வந்திருக்கிறோம். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வழியெல்லாம் தேர்தல் ஜீப்பின் ஒலிபெருக்கி. மலர் என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

9 டிசம்பர், ஞாயிறு

நாத்தனார் ரத்தினம்மாள் தா.பழூரிலிருந்து வந்தார். மலர் பிறந்த அன்றே தன் மகன் பாலசுந்தரத்துக்கு என்று சொல்லிவைத்தவர். வந்ததும் வராததுமாய் மலரின் முகவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"ஏன்டி, அத்தை வந்திருக்கேன், வாங்கன்னு ஒரு வார்த்தை வருதா பாரு. கல்லு மாதிரி நிக்கிறா. என்ன பொன்னுத்தாயி, பாப்பா வாயில கொழுக்கட்டையா?"

"ஒடம்பு முடியல அண்ணி."

"ஒடம்பா? ஒடம்பு முடியாதவ மொனகுவா, முக்குவா. இது வேற." அவரிடம் திரும்பினார். "தம்பி, இது காத்து சேட்டைதான். பூசாரிகிட்ட செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போவோம். மூணு செவ்வா. வேப்பங்கொழயால நாலு போட்டா தானா வாய் தொறக்கும். நம்ம பொன்னுத்தாயிக்குப் பேச்சு வரல? இப்ப பாரு, நாம பேச எடம் குடுக்க மாட்டேங்கிறா."

அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றதும் ஒரு வழிதான்."

அப்போது நான் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. "அண்ணி, மலரு மௌன விரதம் இருக்கா. எங்க ஊரு ஈஸ்வரனுக்கு நேர்ந்துகிட்டது. நாப்பத்தெட்டு நாள். சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல."

நாத்தனார் முகவாயிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

11 டிசம்பர், செவ்வாய்

இன்று பூசாரியிடம் போயிருக்க வேண்டிய நாள். போகவில்லை.

என் கதையையும் ஒரு தரம் எழுதிவிடுகிறேன். எங்கும் எழுதியதில்லை.

வாலிகண்டபுரத்திலிருந்து பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். பிறந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். இங்கே பதினோரு பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் வாசலில் புள்ளி வைத்தேன், கோடு இழுக்க வரவில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு? அப்புறம் அடுப்பு. எதை முதலில் வைப்பது, உலையா, பருப்பா? அப்புறம் பேச்சு. ஒவ்வொன்றாய்ப் போயிற்று. மூன்று செவ்வாய் அடித்தார்கள். முதுகில் குழை நரம்பு பதிந்த தடம் இரண்டு மாதம் இருந்தது. நான்காம் செவ்வாய் பேசினேன். பேய் போய்விட்டதாகத் தேங்காய் உடைத்தார்கள்.

போக அங்கே பேய் ஒன்றும் இல்லை. நாத்தனார் பேசுகிற வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். யாராவது வந்தால் அதை எடுத்துச் சொல்வேன். விருந்தாளிக்கு ஒன்று, பால்காரனுக்கு ஒன்று. இன்றுவரை அப்படித்தான். பாட்டு மட்டும் திரும்பவில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது நான் உதட்டை அசைப்பேன்.

மலருக்கு அந்தக் குழை வேண்டாம் என்றுதான் பொய் சொன்னேன். அதுவும் ஈஸ்வரன் பெயரில். ஒவ்வொரு திங்களும் சோறு விட்டு விரதம் இருக்கிறவள் நான்.

16 டிசம்பர்

எதிர்வீட்டு மருதாயி தட்டில் பழமும் விளக்குமாய் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "பாப்பா கையால துன்னூறு பூசச் சொல்லுக்கா, எம் பேரப்புள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள். மலர் கையை நான் பிடித்துப் பூசிவிட்டேன். அவள் கை கட்டைபோல் இருந்தது.

நாத்தனார் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். 'எங்க மருமவ.'

20 டிசம்பர்

நேற்று ஏழு பேர். இன்று பதினொன்று. மார்கழி பஜனை முடிந்து நேராக இங்கேதான் வருகிறார்கள். காணாமல் போன கன்றுக்குட்டி எந்தத் திசையில் இருக்கிறது, கைகாட்டினால் போதும் என்கிறாள் ஒருத்தி. மலர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அது வடக்குச் சுவர். அந்தம்மாள் வடக்கே போய்விட்டாள்.

"பேசாத பொண்ணு கெடைக்கிறது மாப்ள வூட்டுக்குத்தான் அதிஷ்டம்" என்று மருதாயி சிரித்தாள்.

கன்று கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வாயில்லா ஜீவனைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது.

22 டிசம்பர்

கன்று கிடைத்துவிட்டது.

29 டிசம்பர், சனி

முப்பத்தொரு பேர். பாலசுந்தரத்தை அழைத்துக்கொண்டு நாத்தனாரும் வந்தார். பையன் டிரைவர் லைசென்சுக்குப் போகிறானாம், ஆசீர்வாதம் வேண்டுமாம். கட்டிக்கொள்ளப்போகிறவளின் காலில் விழுவதா வேண்டாமா என்று அவனுக்குக் குழப்பம். பாதி குனிந்து நிமிர்ந்துவிட்டான். மலரைக் காணோம் என்று தேடினால் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு காதைப் பொத்தியபடி இருந்தாள். உடம்பெல்லாம் குதிர் மண். பாவாடை நனைந்திருந்தது.

பதினாறு வயதுப் பெண். அவளைக் கழுவிவிட்டேன். குழந்தையில் கழுவியது.

நாத்தனாரிடம், "தியானத்துல இருக்கா அண்ணி" என்றேன். பொய் ஒன்று சொன்னால் அது குட்டி போடுகிறது.

3 ஜனவரி 1980

அவர் கொண்டுவந்த புது டைரி இது. நேற்று பழைய டைரியை நவம்பர் முதல் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வழக்கம்போல் எழுதிவைத்திருக்கிறேன், காப்பிப்பொடி கணக்குக்காக. மலரின் கணக்கும் அதே பக்கங்களில் இருக்கிறது. இதுவரை இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 26 முதல் 30 வரை மழை, யாரும் வரவில்லை. 30ஆம் தேதி அவளே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். டிசம்பர் 1 டவுன், டாக்டர், ஜீப். 2, 3 எழுந்திருக்கவில்லை. 5, 6, 7 யாரும் இல்லை, 7ஆம் தேதி கையால் பிசைந்தாள். 9ஆம் தேதி நாத்தனார். 10 பிசையவில்லை. 16க்குப் பிறகு ஏற்றமே இல்லை, இறக்கம்தான். ஆள் கூடினால் இவள் குறைகிறாள். ஆள் குறைந்தால் கொஞ்சம் கூடுகிறாள்.

இதைப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு தரம் கேட்டார். "அதுக்குன்னு சனத்த வராதேன்னு சொல்ல முடியுமா? விரதம்னு நீதானே சொன்ன" என்றார்.

நான்தான் சொன்னேன்.

6 ஜனவரி, ஞாயிறு

ஈஸ்வரனிடம் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கே அவருக்குத் தெரியும். தெரியாதது தெருவுக்குத்தான்.

காலையில் பிள்ளையார் கோயிலில் பொங்கல் பிரசாதம் கொடுக்கும் நேரம். பெண்கள் எல்லோரும் தூக்குவாளியோடு நின்றார்கள். இந்தச் சமயத்தில் பேச என்னிடம் பொறுக்கிவைத்த வார்த்தை எதுவும் இல்லை. அதனால் நினைத்ததை அப்படியே சொன்னேன். "எம் பொண்ணு விரதம் எதுவும் இருக்கல. நான் சொன்னது பொய்யி. அவளுக்குப் பேச வரல, அவ்வளவுதான். இனிமே யாரும் வூட்டுக்கு வர வேணாம்."

மருதாயிதான் முதலில். "சாமி பேர்லயா பொய் சொன்ன?"

"ஆமா."

"எம் பேரனுக்குக் காச்ச வுட்டுச்சே?"

"நீ ஊசி போட்டுட்டுத்தானே வந்த."

"அப்ப கன்னுக்குட்டி?" என்றாள் பின்னாலிருந்து அந்தம்மாள்.

ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், என் காலருகில் விழுந்தது. எனக்குப் பிரசாதம் தரவில்லை. வெறும் வாளியோடு வந்தேன்.

8 ஜனவரி

அவர் என்னோடு பேசவில்லை. வீட்டில் இப்போது பேசாதவர்கள் இரண்டு பேர்.

17 ஜனவரி, வியாழன்

பொங்கல் முடிந்தது. யாரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. நாத்தனார் அவர் ஆபீஸுக்கு ஆள் விட்டுச் சொன்னார்: பாலசுந்தரத்துக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம், இந்த வீட்டுப்படி மிதிக்கமாட்டாராம். அவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கூடப் பிறந்தவர்.

குழாயடியில் என் குடத்தைக் கடைசியில் வைக்கிறார்கள். இருக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு ஓய்வு எனக்குக் கிடைத்ததில்லை.

பதினோரு நாளாக வந்தவர் எண்ணிக்கை: சைபர்.

மலர் குதிர்ப்பக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். அடுக்களை மூலையில் உட்கார்கிறாள். பித்தளைப் பாத்திரம் மோதினால் துடிக்கிறாள், மண்சட்டிக்கு மாறிவிட்டேன். மூன்று வேளையும் ஒரே ரசம், ஒரே தட்டு. கேள்வி எதுவும் கேட்பதில்லை. 'சாப்பிடறியா' என்றுகூடக் கேட்பதில்லை. வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

14 பிப்ரவரி

சீப்பைக் கையில் எடுத்தாள். பின்னவில்லை. பல் பல்லாய்த் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

அவர் இன்று சைக்கிளை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வரும்போது செருமாமல் வந்தார். நான் சொல்லவில்லை.

2 மார்ச், ஞாயிறு

அரிசியைப் பார்த்தேன். பதினான்கு படி. ஒரு நாளைக்கு இரண்டு. எத்தனை நாள் வரும் என்று வாய்க்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். என்னவோ ஆறு என்று வந்தது.

"ஏழு."

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போய்விடுமோ என்று பயம். "ஏழு" என்று நானும் சொல்லிவிட்டு அரிசியை அளந்தேன். கொஞ்சம் சிந்திற்று. நூறு நாளுக்குப் பிறகு ஒரு சொல். அவரிடம் மத்தியானம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

28 ஏப்ரல்

இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சொல். காலையில்தான். மத்தியானத்துக்கு மேல் வராது.

இன்று தானாகவே சொன்னது. அப்படியே எழுதுகிறேன், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி.

"ஆஸ்டல்ல நாப்பது பேரும்மா. அவங்க எப்ப சிரிக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் நானும் சிரிக்க முடியும். சாப்புடறப்ப, குளிக்கிறப்ப, எல்லாத்துக்கும் பாக்கணும். நல்லாத்தான் செஞ்சேன். யாருக்கும் தெரியல. அப்புறம்... எல்லாம் அதுக்கே செலவாயிடுச்சு. மத்ததுக்கு மிச்சம் இல்ல."

முறுக்கிய துணியைக் கொடியில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, "எனக்கும்" என்றேன். என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கிறவள் இல்லை அவள்.

7 ஜூன் 1982

பள்ளி திறந்துவிட்டது என்று தெருவில் பிள்ளைகள் சத்தம். மலரோடு படித்தவர்கள் காலேஜில் இருக்கிறார்கள். இனி இவள் போகமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் தனியாகப் போக வரவில்லை. மனப்பாடமாய் ஒப்பிப்பது திரும்பவில்லை. கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். ரயில் சத்தம் திரும்பிவிட்டது, ஐந்து நிமிஷத் தாமதம்கூடச் சொல்கிறாள்.

அவர் லாரி நடைச்சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கில் இருக்கும். டன் கணக்கைக் கூட்டிக் கொடுக்கிறாள், தவறே வராது. ஆபீஸில் யார் கூட்டியது என்று கேட்டார்களாம். "எம் பொண்ணு" என்றாராம். "பேசாத பொண்ணா?" "பேசுவா. உங்ககிட்ட பேசணும்னு அவளுக்கு என்ன இருக்கு" என்றாராம். இவர் இப்படியெல்லாம் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

2 செப்டம்பர் 1985, திங்கள்

தா.பழூரிலிருந்து நேற்று வந்தோம். பாலசுந்தரத்துக்கு ஒருவழியாய்க் கல்யாணம் நடந்தது. நாத்தனாரே நேரில் வந்து அழைத்ததால் அவரும் நானும் போனோம். மலர் வரவில்லை, சாவியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். நான் பத்து நாள் அங்கே. சமையல் மேற்பார்வை, சீர் வரிசை, வந்தவர்களை வாங்க என்பது, போகிறவர்களைப் போயிட்டு வாங்க என்பது. எல்லோரும் மெச்சினார்கள்.

5 செப்டம்பர்

உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. மூன்று தரம் போட்டிருக்கிறேன்.

9 செப்டம்பர்

கோலம் வரவில்லை. புள்ளி மட்டும்

11

எழுதக் கை

29 செப்டம்பர், ஞாயிறு

பதினெட்டு நாள் எழுதவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

14ஆம் தேதி சனிக்கிழமை நாத்தனார் பாலசுந்தரத்தையும் புதுப்பெண்ணையும் விருந்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார். புதுசாய்க் கட்டிக்கொண்டவர்களுக்கு மாமன் வீட்டு விருந்து முதல் மரியாதை. மறுக்கவே முடியாது. அவர் ஆபீஸில் இருந்தார். நான் உள்ளே சுவரோரம் படுத்திருந்தேன். எழுந்து வாங்க என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. வாய் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை.

மலர்தான் வாசலுக்குப் போனாள். யார் வந்தாலும் குதிர்ப்பக்கம் போகிறவள். நடையில் நின்றுகொண்டு பேசினாள். குரல் தட்டையாய், ஒவ்வொரு சொல்லாய் வந்தது.

"அத்தை, இன்னிக்கு விருந்து இல்ல. அம்மாவுக்கு முடியல. பேச வரல, சமைக்கவும் வரல. ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆவும். அப்புறம் வாங்க."

"என்னடி இது, வாசல்ல நிக்க வச்சே சொல்ற. அம்மா என்ன, விரதமா?"

"விரதம் இல்ல. முடியல."

"நான் ஒரு எட்டு பாத்துட்டு..."

"வேணாம் அத்தை. யாராச்சும் கேட்டா இன்னும் நாளாவும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. எழுதி வச்சிருக்கு."

பூசாரி பேச்சு இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

"நாந்தான் அன்னிக்கு பொன்னுத்தாயி கையப் புடிச்சுகிட்டேன்" என்றார் நாத்தனார். மலரிடம் சொன்னதுபோல் இல்லை. "பூசாரி அடிக்கிறப்ப. நல்லதுக்குன்னுதான் புடிச்சேன்."

மலர் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. தேவை இல்லாததற்குப் பதில் சொல்லமாட்டாள்.

புதுப்பெண் வளையலைக் குலுக்கிக்கொண்டு என்னவோ கேட்டாள். "சத்தம் போடாத" என்று நாத்தனார் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. அவருக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்று அன்றுதான் தெரியும். படியிறங்கும் சத்தம் மூன்று ஜோடி.

கதவைச் சாத்திவிட்டு வந்து, என் தலைமாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு மலர் நகர்ந்துவிட்டாள். அந்தச் செவ்வாய் வந்து போயிற்று. அடுத்த செவ்வாயும் போயிற்று. என்னை யாரும் எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை.